அன்று மட்டும் அவன் ரீஸ்டார்ட் செய்யவில்லை

என் தங்கைக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தது பெண், இளையது பையன். இரண்டுக்கும் நடுவே நல்ல இடைவெளி. தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு அலைந்தே அக்காக்காரிக்கு ஒரு பக்கம் கோணிப்போயிற்று என்று கேலி செய்வோம். தங்கை சீக்கிரம் போய்ச் சேர்ந்தாள். அவள் புருஷன் இருந்தும் இல்லாத கணக்கு. அதனால் பையன் வளர்ந்ததெல்லாம் அக்கா வீட்டில். ஆளாக்கியது அக்கா புருஷன். பையனுக்குத் தாய்மாமன் நான் இருந்தேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சட்டை எடுத்துக் கொடுக்கிற மாமன் வேறு, சட்டை கிழிந்தால் ஏன் கிழிந்தது என்று கேட்கிற ஆள் வேறு.

அந்தப் பையனைப் பற்றித்தான் எழுதுகிறேன். இப்போது அவனுக்கே காதோரம் நரைத்துவிட்டது. எங்கள் பக்கத்துத் தெருக்களில் யார் வீட்டுக் கம்ப்யூட்டர் மக்கர் செய்தாலும் அவனுக்குத்தான் போன் போகும். பெற்றவர்கள் வைத்த பெயர் பள்ளிக்கூடத்தோடு நின்றுவிட்டது. எல்லாருக்கும் அவன் ரீஸ்டார்ட்டு ஆனான்.

அந்தப் பெயரை வைத்தது அவன் அத்தான், அதாவது அக்கா புருஷன். அவர் பஸ் நிலையத்தில் மைக்கில் அறிவிக்கிற வேலையில் இருந்தார். எந்த வண்டி எந்த இடத்தில் நிற்கிறது, யாருடைய குழந்தை அழுதுகொண்டு நிற்கிறது, சாவிக்கொத்தைத் தொலைத்தவர் யார், எல்லாம் அவர் வாயால்தான் வரவேண்டும். கணீரென்ற குரல். வீட்டில் "தண்ணி கொண்டா" என்றால் எதிர்வீட்டுக்காரி சொம்போடு எட்டிப் பார்ப்பாள். நாங்கள் அவரை மைக் மாப்பிள்ளை என்போம்.

ஒரு நாள் பஸ் நிலையத்தில் நேரம் காட்டுகிற கம்ப்யூட்டர் அசையாமல் நின்றுபோயிற்று. மைக் மாப்பிள்ளை மச்சானுக்கு ஆள் அனுப்பினார். இவன் போனான், சுற்றிப் பார்த்தான், அணைத்தான், போட்டான். வந்துவிட்டது. டீ சொல்லியிருந்தார்கள். டீ வருவதற்குள் வேலை முடிந்துவிட்டதே என்று கூச்சப்பட்டுக்கொண்டு இவன் நழுவிவிட்டான். சற்று நேரத்தில் நிலையம் முழுக்கக் குரல் எழுந்தது:

"பயணிகள் கவனத்திற்கு. கம்ப்யூட்டர் வைத்தியர் திரு. ரீஸ்டார்ட்டு அவர்கள் எங்கிருந்தாலும் உடனடியாக அறிவிப்பு அறைக்கு வரவும். அவருடைய டீ ஆறிக்கொண்டிருக்கிறது."

நிலையமே சிரித்தது. மேலதிகாரி கூப்பிட்டுக் கடிந்துகொண்டாராம். அதற்கும் மாப்பிள்ளை, "ஆறின டீயைக் குடிக்க முடியுமா சார்?" என்று கேட்டாராம். பெயர் அன்றைக்கு ஒட்டியதுதான்.

பையன் தொழில் கற்றதும் அத்தான் வீட்டுக் கம்ப்யூட்டரில்தான். மாப்பிள்ளை தவணையில் வாங்கி முன்னறையில் வைத்த பெட்டி அது. வந்த சில நாளிலேயே ஸ்குரூவைக் கழற்றி உள்ளே இருந்ததையெல்லாம் பாயில் பரப்பிவிட்டான். அக்கா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். மாப்பிள்ளை வேலை முடிந்து வந்து பார்த்தார். "சரி மச்சான், பிரசவம் முடிஞ்சுது. பிள்ளையை உள்ள வைக்கத் தெரியுமா?" என்றார். அவ்வளவுதான். வேறு யாராவதாக இருந்தால் முதுகில் இரண்டு வைத்திருப்பார்கள். நானாக இருந்தாலும்.

பிறகு அதுவே பிழைப்பாயிற்று. ஸ்கூட்டரில் ஒரு பை. அதில் ஸ்குரூ டிரைவர், தூசி தட்டப் பெயின்ட் பிரஷ், பென் டிரைவ்கள், பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கிற ரப்பர் ஒன்று. ரப்பர் எதற்கு என்று கேட்டேன். கம்ப்யூட்டர் உயிர் வராமல் கீச்சுக் கீச்சென்று கத்தினால், உள்ளே சீப்பு மாதிரி இருக்கிற ராம் பட்டையைக் கழற்றி அதன் பல்லை ரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகினால் பாதி வீட்டில் சரியாகிவிடும் என்றான். "படிச்சதுக்கு இந்த ரப்பராவது உதவுதே" என்றேன். சிரித்தான்.

அவன் போகிற வீடுகளின் கதைகளைக் கேட்க வேண்டும். ஓய்வு பெற்ற ஒருவர் வீட்டில் கம்ப்யூட்டர் தானாகவே எழுதிக்கொண்டு போகிறது, பக்கம் பக்கமாக ஓடுகிறது, பேய்தான் என்று மந்திரிக்கிற அளவுக்குப் போய்விட்டார்கள். இவன் போய்ப் பார்த்தால், தடித்த அகராதி ஒன்று சாய்ந்து ஒரு விசையின் மேல் படுத்திருக்கிறது. எடுத்து நேராக வைத்தான். பேய் போயிற்று. இன்னொரு வீட்டில் சத்தமே வரவில்லை என்று புது ஸ்பீக்கர் வாங்கிவிட்டார்கள். சத்தத்தை யாரோ ஊமையாக்கி வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். பிரிண்டர் ஒரு காகிதத்தை விழுங்கிவிட்டு மேலே அச்சடிக்க மறுத்தால், முன்னால் அனுப்பியதெல்லாம் உள்ளே வரிசைகட்டி நிற்கும், அதைக் காலி செய்தால் போதும் என்பான். எல்லா வீட்டிலும் முதல் கேள்வி ஒன்றுதான்.

"அணைச்சுப் போட்டுப் பாத்தீங்களா?"

எதற்கும் சரிவராமல், பழையதைத் துடைத்துவிட்டுப் புதிதாக விண்டோஸ் போட வேண்டி வந்தால்தான் இரண்டாவது கேள்வி. "முக்கியமா ஏதாவது இருக்கா?" பெரும்பாலும், "ஒண்ணுமில்லப்பா" என்பார்கள். அப்போதும் அவன் அங்கே இங்கே நோண்டி, கல்யாணப் படம், பிள்ளையின் மதிப்பெண் தாள் என்று எதையாவது எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டுத்தான் கைவைப்பான். "இல்லைன்னு சொல்றவங்கதான் மாமா அப்புறம் போன் பண்ணி அழுவாங்க" என்பான். மற்றவர் வீட்டில் அப்படிக் கவனமாக இருந்தவன் அவன்.

மைக் மாப்பிள்ளைக்குத் தொண்டை கம்மியது. சளி என்றார், மைக்குக்காரனுக்குத் தொழில் வியாதி என்றார், வெந்நீர் குடித்தார். கம்மல் போகவில்லை. பரிசோதனையில் கட்டி என்று தெரிந்தது. குரல்வளையையே எடுக்க வேண்டும், எடுத்தால் உயிருக்குப் பயமில்லை, ஆனால் பேச்சு இருக்காது என்றார் மருத்துவர். மாப்பிள்ளை வெளியே வந்து, "நல்ல வேளை, பாட வராது எனக்கு" என்றார். அக்கா சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் நின்றாள்.

ஆபரேஷனுக்கு முன்னால் விடுப்புப் போட்டுவிட்டு வீட்டில் இருந்தார். பகலெல்லாம் முன்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பார். படம் பார்க்கிறார், மனசை மாற்றிக்கொள்கிறார் என்று அக்காவும் விட்டுவிட்டாள். அவர் அங்கே செய்ததை நாங்கள் பிறகுதான் அறிந்தோம். அவருடைய குரலை அவர் சேமித்துக்கொண்டிருந்தார். மகள் அப்போது ஆரம்பப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. அவள் பள்ளிக்கு எழுப்ப, பரீட்சைக்குப் போகும்போது சொல்ல, விழுந்தால் சொல்ல, பெரியவளாகி வேலைக்குப் போகிற நாளில் சொல்ல, கோபித்துக்கொண்டு கதவைச் சாத்தினால் கதவுக்கு வெளியே நின்று சொல்ல, எல்லாவற்றுக்கும் தனித்தனியாகப் பேசி, ஒரு ஃபோல்டரில் போட்டு, திரையிலேயே வைத்துவிட்டுப் போனார். யாரிடமும் சொல்லவில்லை. திரும்பி வந்து மகளை மடியில் வைத்துக்கொண்டு தானே போட்டுக் காட்ட வேண்டும் என்று ஆசை. கம்மலான குரல்தான். ஆனாலும் அவர் குரல்.

அவர் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் பிள்ளைக்குத் துணையாக நான் அந்த வீட்டில் இருந்தேன். ஒரு காலையில் அக்கா கம்ப்யூட்டரில் ஆஸ்பத்திரிக் காகிதம் எதையோ பார்த்துவிட்டு அணைக்கப் போனாள். அது அப்டேட் ஆகிறது, அணைக்காதே என்று சொல்லிச் சக்கரம் சுற்றிக்கொண்டே நின்றது. வாசலில் ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்கிறார். அவள் பார்த்தாள், சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டிவிட்டு ஓடினாள்.

மறுநாள் பெட்டியைப் போட்டால் திரை வெறிச்சென்று இருந்தது. பிள்ளையின் படம் பின்னால் இருக்குமே, அதைக் காணோம். வரிசையாக இருந்தவை ஒன்றையும் காணோம். மூலையில் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிற்று. அக்கா அதை மூடிவிட்டாள். தம்பிக்குப் போன் போட்டாள்.

"டேய், எல்லாம் போயிடுச்சுடா. வழிச்சு விட்ட தட்டு மாதிரி இருக்கு."

"அழாத, வரேன்."

வந்து உட்கார்ந்தான். வெறும் திரையைப் பார்த்தான். அங்கே தட்டினான், இங்கே தட்டினான். நான் நாற்காலியில் இருந்து கேட்டேன், "என்னப்பா ரீஸ்டார்ட்டு, அணைச்சுப் போடலியா?"

"போங்க மாமா. அது காய்ச்சல் தலைவலிக்கு. இது பெரிய வியாதி. கரண்ட்டைப் பிடுங்கினதுல உள்ளயே கெட்டுப்போயிருக்கும். சுத்தமா துடைச்சுப் புதுசாப் போட்டுடறேன். அத்தான் வரும்போது கடையில இருந்து அப்பத்தான் இறக்கின மாதிரி ஓடணும். 'அணைச்சுப் போடறதைத் தவிர உனக்கு என்னடா தெரியும்'னு கேட்டுட்டே இருப்பாரில்ல? இந்தத் தடவை கேக்கட்டும்."

கேட்கட்டும் என்றானே தவிர, இனி அவரால் வாய் திறந்து எதையும் கேட்க முடியாது என்பது அவனுக்கும் நினைவு வந்திருக்க வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பிறகு சமையலறைப் பக்கம் பார்த்து, "அக்கா, முக்கியமா ஏதாவது இருக்கா?" என்றான். அவள் பிளாஸ்கில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"என்ன இருக்கு? பாப்பா படம்தான். அது என் போன்ல கிடக்கு. இருந்ததெல்லாம்தான் போயிடுச்சே, இனிமே என்ன முக்கியம்?"

வேறு வீடாக இருந்தால் நோண்டியிருப்பான். சொந்த வீடு, அக்கா வாய். நம்பினான். துடைத்தான். மத்தியானம் வரைக்கும் இருந்து புது விண்டோஸ் போட்டான். அத்தான் மைக் முன்னால் உட்கார்ந்திருக்கிற படம் ஒன்றைத் தேடிப் பிடித்து, திரைக்குப் பின்னால் வைத்தான். பெட்டியைத் திறந்து பிரஷ்ஷால் தூசி தட்டினான். சும்மா சொல்லக்கூடாது, பெட்டி குதிரை மாதிரி ஓடிற்று.

மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தார். கழுத்தில் வெள்ளைத் துணி. சொல்ல வேண்டியதைப் போனில் தட்டிக் காட்டுவார். வந்த அன்று சாயங்காலமே மகளை மடியில் ஏற்றிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். ரீஸ்டார்ட்டு பக்கத்திலேயே நின்றான், பரிசு வாங்கப் போகிற பிள்ளை மாதிரி. மாப்பிள்ளை தன் படத்தைப் பார்த்தார், வேகத்தைப் பார்த்தார், மச்சான் முதுகில் தட்டிக் கொடுத்தார். அப்புறம் சுட்டி திரையில் ஓடியது. மூலைக்குப் போயிற்று. திரும்பி வந்தது. மறுபடியும் மூலைக்குப் போயிற்று. அவர் போனை எடுத்துத் தட்டினார். மகள்தான் எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

"இங்கே… ஒரு… ஃபோல்டர்… இருந்ததே?"

மேலும் தட்டினார். பிள்ளை அதையும் வாசித்தாள். "பாப்பாவுக்குப் பேசி வைத்தது." வாசித்துவிட்டு, "எனக்கா?" என்று கேட்டாள்.

அக்கா சுவரோடு சாய்ந்தாள். "நான்தான் சுவிட்சைத் தட்டினேன். அணைக்காதேன்னு சொல்லுச்சு. நான் பாவி தட்டிட்டுப் போனேன்." நெஞ்சில் அடித்துக்கொண்டாள். மாப்பிள்ளை எழுந்து போய் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

ரீஸ்டார்ட்டு அந்த டிஸ்க்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு, பெட்டியில் வேறொன்றைப் போட்டுவிட்டுப் போனான். அழிந்ததை மீட்கிற மென்பொருள்கள் இருக்கின்றனவாம். ஒன்று மாற்றி ஒன்று போட்டுப் பார்த்தான். பழையதன் மேலேயே புது விண்டோஸ் ஏறி உட்கார்ந்துவிட்டதால் மிஞ்சினது கொஞ்சம், அதுவும் பெயரில்லாமல், உடைந்து. திறந்தால் உஸ்ஸென்று இரைச்சல். தலைமுடி கலைந்து, வேறு வேலைக்குப் போகாமல் அதிலேயே கிடந்தான். கடைசியில் ஒன்றே ஒன்று பேசிற்று. அதைக் கொண்டுவந்து போட்டான்.

"பாப்பா, இன்னைக்கு நீ சைக்கிள்ல இருந்து விழுந்திருப்ப. அழாத. முதல்ல—"

அதற்குமேல் இரைச்சல்.

பிள்ளைக்கு அப்போது சைக்கிளே கிடையாது.

இதோடு முடிந்திருந்தால் விதி என்று சொல்லிவிட்டுப் போயிருப்போம். அக்கா சுவிட்சைத் தட்டினாள், போயிற்று, அவ்வளவுதான் என்று எல்லாரும் நம்பினோம். அவளும் நம்பினாள். சாப்பிடும்போது நடுவில் நிறுத்திச் சுவரில் இருக்கிற சுவிட்சைப் பார்ப்பாள்.

கொஞ்ச நாள் கழித்து, மருந்துக் கடையில் வேலை பார்க்கிற அம்மா ஒருத்தி ரீஸ்டார்ட்டுக்குப் போன் செய்தாள். திரையில் ஒன்றுமே இல்லை, எல்லாம் மாயமாகிவிட்டது, மூலையில் என்னமோ எழுதியிருக்கிறது என்றாள். இவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. உடனே போனான். அவள் வாசலிலேயே சிரித்துக்கொண்டு நின்றாள்.

"வீணா அலைய வச்சுட்டேனே தம்பி! நீங்க எப்பவும் கேப்பீங்களேன்னு அணைச்சுப் போட்டேன். எல்லாம் அப்படியே வந்துடுச்சு. உள்ள வாங்க, டீயாவது குடிச்சிட்டுப் போங்க."

அவன் உள்ளே போய்ப் பார்த்தானாம். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. எனக்கு அவன் விளக்கியதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். விண்டோஸுக்குச் சில சமயம் வீட்டுக்காரரின் அறைக் கதவு திறக்காது. அப்போது அது வந்தவரைத் தற்காலிகமாக ஒரு வெற்று அறையில் உட்கார வைத்துவிடும். மூலையில் சொன்னதும் அதுதான். பார்க்கிறவர் எல்லாம் போயிற்று என்று நினைப்பார். ஆனால் சாமான்கள் பூட்டிய அறைக்குள் அப்படியே இருக்கும். பல நேரம், அணைத்துப் போட்டாலே கதவு திறந்துகொள்ளும். திறக்காவிட்டாலும், பக்கத்து அறையை எட்டிப் பார்த்து எடுத்துவிடலாம்.

டீயைக் குடிக்காமலே வந்துவிட்டான். நேராக அக்கா வீட்டுக்கு வந்தான். நான் அன்று அங்கேதான் இருந்தேன். சமையலறை வாசலில் நின்று சொன்னான்.

"அக்கா, நீ சுவிட்சைத் தட்டினதுல போகல. தட்டின பிறகும் உள்ளதான் இருந்துச்சு. நான் வந்து உக்காந்தப்பவும் இருந்துச்சு. நான்தான் அழிச்சேன்."

அக்கா கரண்டியோடு திரும்பினாள். "வாயை மூடு."

"அணைச்சுப் போட்டிருந்தா வந்திருக்கும்க்கா. மாமா கூடக் கேட்டாரு—"

"வாயை மூடுன்றேன்ல! உன்கிட்ட யாருடா வந்து கேட்டா? என் தலையில இருக்கு, இருந்துட்டுப் போகட்டும். அவருக்கு எதுக்குடா தெரியணும்? உன்மேல உயிரையே வச்சிருக்கிற மனுஷன்."

மாப்பிள்ளை பின்னால் நின்றுகொண்டிருந்தார். போனது தொண்டைதானே, காது இல்லையே. மச்சானை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தார். போனை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார். அவரிடம் வேறு வாய் இல்லை. அதையும் வைத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு ரீஸ்டார்ட்டு அந்த வீட்டுப் பக்கம் வரவில்லை. அக்கா கூப்பிட்டால் வேலை இருக்கிறது என்பான். ஆனாலும் சொன்னதற்குப் பலன் இருந்தது. அக்கா சுவிட்சைப் பார்ப்பதை விட்டாள். தொழிலிலும் அவன் மாறினான். துடைக்க வேண்டி வந்தால், "முக்கியமா ஏதாவது இருக்கா?" என்று கேட்பதில்லை. "இதை உபயோகிக்கிறவங்க யாராவது இப்ப வீட்டுல இல்லாம இருக்காங்களா?" என்று கேட்பான். ஆமாம் என்றால், அந்த ஆள் வரும்வரை தொடமாட்டான். ஆட்கள் முணுமுணுப்பார்கள். சிலர் வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

மழைக்காலம் போய் வெயில் வந்தது. ஒரு நாள் அவன் போனுக்கு அத்தானிடமிருந்து செய்தி. "கம்ப்யூட்டரில் சத்தம் வரவில்லை. வா."

என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வந்தான், ஆசிரியர் கூப்பிட்டு அனுப்பிய பையன் மாதிரி. மாப்பிள்ளை நாற்காலியைக் காட்டினார். இவன் உட்கார்ந்து பார்த்தான். சத்தத்தை ஊமையாக்கி வைத்திருந்தது. பஸ் நிலையத்தில் இத்தனை வருஷம் மைக்கைத் திருகின மனுஷனுக்கு அது தெரியாதா? வேண்டுமென்றே செய்தது. இவன் அதை எடுத்துவிடப் போனான். மாப்பிள்ளை அவன் கையைத் தட்டினார். தட்டிவிட்டு, ஆள்காட்டி விரலைக் காற்றில் ஒரு வட்டம் போட்டார்.

இவனுக்குப் புரியவில்லை. மறுபடியும் வட்டம் போட்டார்.

"அணைச்சுப் போடச் சொல்றாருப்பா" என்றேன் நான்.

இவன் அணைத்தான். போட்டான். திரையில் புள்ளிகள் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. இரண்டு ஆண்களும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் தோள் குலுங்கிற்று. சிரிக்கிறார். சத்தமில்லாமல் சிரித்தால் அழுகை மாதிரியேதான் இருக்கிறது. ரீஸ்டார்ட்டு மட்டும் நிஜமாகவே அழுதான்.

அன்றிலிருந்து வந்து போகிறான். அவனைக் கூப்பிட வேண்டுமானால் மாப்பிள்ளை விரலால் வட்டம் போடுவார். நாங்கள் யாரும் இப்போது அவனை அந்தப் பெயரில் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் முகம் சுண்டிப்போகும். அவர் கூப்பிட்டால் மட்டும் திரும்புவான்.

அந்தப் பழைய டிஸ்க் இன்னும் அவன் பையில் துணியில் சுற்றியபடி இருக்கிறது. மீட்பதற்குப் புதிதாக ஏதாவது வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டால் எடுத்துப் போட்டுப் பார்ப்பான். "போதும் விடு" என்று மாப்பிள்ளை தட்டிக் காட்டியாயிற்று. அவன் விடவில்லை.

அவன் மறுபடி வந்து போக ஆரம்பித்த பிறகு பிள்ளைக்குச் சைக்கிள் வாங்கினார்கள். தெருமுனையில் விழுந்தாள். முழங்கால் சிராய்த்து ரத்தத்தோடு வந்தாள். அவள் மாமன் ரீஸ்டார்ட்டு அப்போது வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டிருந்தான். அவனைத் தாண்டி நேராகக் கம்ப்யூட்டருக்குப் போய் அந்த ஒன்றைப் போட்டாள்.

"…அழாத. முதல்ல—"

இரைச்சல். அப்பா பக்கம் திரும்பினாள். "முதல்ல என்னப்பா?"

மாப்பிள்ளை போனை எடுத்தார். யோசித்தார். தட்டினார். அவள் வாங்கி வாசித்தாள். "முதலில் எழுந்து நில். பிறகு சைக்கிளை நிமிர்த்து." வாசித்துவிட்டு அவரையே பார்த்தாள்.

"அன்னைக்கும் இதையேதான் சொன்னீங்களா?"

அவர் போனைத் திரும்ப வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தார். அவருக்கே நினைவில்லை என்று எனக்குத் தோன்றிற்று.

வாசலில் ரீஸ்டார்ட்டு பையைத் தோளில் மாட்டியபடி நின்றான். உள்ளேயும் வரவில்லை, போகவும் இல்லை. மாப்பிள்ளை அவன் பக்கம் பார்த்துக் காற்றில் ஒரு வட்டம் போட்டார். அன்றைக்கு மட்டும் அவன் அதைக் கவனிக்கவில்லை. பைக்குள் கைவிட்டு, துணியில் சுற்றிய எதையோ தடவிக்கொண்டிருந்தான்.